பறக்கும் தட்டுப் படத்தில் அரசியல் இல்லை

என் வயதுக்காரர்களுக்கு 'டெக்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பேப்பர் படிக்கக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிட்ட நம் எல்லோருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை நன்றாகவே தெரியும். கல்யாண வீட்டில், காதுகுத்தில், கோயில் திருவிழாவில் மேஜைமேல் ஒரு கலர் டிவியும் அதன் பக்கத்தில் டெக்கும் இருக்கும். கேசட்டை அதன் வாயில் வைத்தால் தானே உள்ளே இழுத்துக்கொண்டு 'களக்' என்று ஒரு சத்தம். படத்தில் கோடு விழுந்தால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு. பார்த்து முடித்த கேசட்டைச் சுற்றி வைக்க, சிவப்புக் கார் மாதிரி ஒரு சின்ன மெஷின் கூட வந்தது. எங்கள் வீட்டில் இருந்த அந்தக் காருக்குப் பின்சக்கரம் ஒன்று கிடையாது. அது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

நான் சொல்ல வருவது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையை. எனக்குப் பதினோரு வயது. நாங்கள் செங்கல்பட்டில், ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் நிலம் சம்பந்தமான வேலை. அப்பாவின் அக்கா, என் அத்தை, மாமல்லபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா செத்தபிறகு அப்பாவைப் படிக்க வைத்ததே அத்தைதான் என்று அம்மா சொல்லுவார். அப்பா சம்பந்தப்பட்ட எந்தப் பேச்சையும் அம்மா அந்த வாக்கியத்தில்தான் முடிப்பார்.

விடுமுறை விட்டதும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் என்னை ஏற்றிவிடுவார்கள். அத்தையின் வீட்டில் நாள் முழுக்கச் சிற்பக் கூடங்களின் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாள் அது தலையை வலிக்கச் செய்யும். மூன்றாம் நாள் அது நின்றால்தான் தூக்கம் கலையும்.

அத்தைக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வேற்றுக் கிரகம், இயந்திர மனிதன், காலத்தைத் தாண்டிப் போகிற வண்டி என்று வருகிற இங்கிலீஷ் படங்கள். செங்கல்பட்டுத் தியேட்டரில் காலைக் காட்சிக்கு அப்படி ஒரு படம் வந்தால் வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடுவார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்தையும் காதில் தமிழில் சொல்லுவார். அவர் தலையில் வைத்திருக்கிற கனகாம்பரம் என் கன்னத்தில் உரசும். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். பிறகு அவர்களே, "இன்னா டீச்சர், அவன் இன்னா சொன்னான்?" என்று கேட்பார்கள்.

ஒருமுறை இடைவேளையில் நான் கேட்டேன், இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வேறு கிரகத்துக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள் என்று. அத்தை முறுக்கை ஒடித்துக் கையில் கொடுத்தபடி சொன்னது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

"சொந்த ஊர்ல நடக்கறத நேரா சொன்னா படத்த நிறுத்திடுவாங்க இல்ல? அதான் அங்க போய் சொல்றாங்க."

எனக்கு அப்போது முறுக்குதான் முக்கியமாக இருந்தது.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு ஒரு வேலை வந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரம் ஒரு மீனவக் குப்பம். அங்கே கடலைப் பார்த்தபடி பெரிய ஓட்டல் ஒன்று கட்ட யாரோ கேட்டிருந்தார்கள். குப்பத்தில் இருக்கிறவர்களுக்கு உள்ளே, தார் ரோட்டைத் தாண்டி, கான்கிரீட் வீடு கட்டித் தருவதாக ஏற்பாடு. அதற்கு வீட்டுக்கு வீடு சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஓலைக் கூரையில் பிறந்து வளர்ந்தவர் அவர். மழைக்கு ஒழுகாத தளம், வீட்டுக்குள் கக்கூஸ், பின்னால் குழாய் என்று ஒருவருக்குக் கிடைத்தால் அவர் ஏன் வேண்டாம் என்பார் என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. ரெக்சின் பையில் படிவங்களை வைத்துக்கொண்டு மொபெட்டில் மூன்று வாரம் அலைந்தார். ஆண்கள் கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்று பெண்கள் சொன்னார்கள். பெண்கள் சந்தைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஆண்கள் சொன்னார்கள்.

கடைசியில் அத்தையிடம் வந்தார். குப்பத்துப் பிள்ளைகள் அத்தையின் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். அத்தை சொன்னால் கேட்பார்கள். அத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார். இது உன் வேலை, என் வாயால் செய்யமாட்டேன் என்று சொன்னார். அப்பா விடவில்லை. பேச வேண்டாம், ஒரு சாயங்காலம் டெக் எடுத்துப் படம் போட்டால் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள், மனசு லேசாக இருக்கும், மறுநாள் காலை தானே போய்ப் பேசிக்கொள்வதாகச் சொன்னார். பிள்ளைகளுக்குப் படம் என்றதும் அத்தை இளகினார்.

என்ன படம் என்ற பேச்சு வந்தது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் சண்டை வருகிற படம் வேண்டாம் என்றார் அப்பா. போலீஸ் படம் வேண்டாம். ஊர்ப் பெரியவர் தீர்ப்புச் சொல்கிற படமும் வேண்டாம். என்னைத் திருப்போரூர் ரோட்டில் இருந்த வீடியோ கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், அலமாரியை மேலிருந்து கீழே பார்த்து, அவரே ஒரு கேசட்டை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டில் பாதி கிழிந்து போயிருந்தது. மீதிப் பாதியில் வட்டமாக ஒரு கப்பல் வானத்தில் நின்றது.

"யக்கா, இதப் போடு. பறக்கும் தட்டு படம். இதுல ஒரு அரசியலும் கிடையாது."

அத்தை கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் குப்பத்து அம்மன் கோயிலுக்கு முன்னால் மணலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வானம் இன்னும் வெளுப்பாகவே இருந்ததால் டிவியைச் சுற்றிக் கோணியைக் கட்டி நிழல் செய்திருந்தார்கள். காய்ந்த கருவாட்டு வாசனையும் அத்தையின் கனகாம்பரமும் கோயில் சாம்பிராணியும் சேர்ந்து ஒரு மணம். அத்தையின் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா எனக்கு முன்னால் இடம் பிடித்து வைத்திருந்தார். மீன்காரம்மா என்றுதான் அவரை நாங்கள் கூப்பிடுவோம். பக்கத்தில் வலைக்கட்டின்மேல் அவர் கணவர் பீடி பற்றவைக்காமல் வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

படம் இங்கிலீஷ் என்றதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அத்தை கோயில் மைக்கை வாங்கினார்.

கதை இப்படிப் போனது. தூரத்தில் ஒரு கிரகம். அங்கே பச்சையாக ஒரு கடல். அதன் கரையில் முடியில்லாத, சாம்பல் நிற மனிதர்கள் ஒளிவிடுகிற பாசியை அள்ளிப் பிழைக்கிறார்கள். வானத்திலிருந்து கப்பல் இறங்குகிறது. இறங்குகிறவர்கள் பூதங்கள் இல்லை, நம் பூமிக்காரர்கள். அதுவே எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. கப்பலில் வந்த கம்பெனிக்கு அந்தக் கடல் வேண்டும். கரையில் இருப்பவர்களுக்கு மேட்டில் வானளாவிய கோபுர வீடு தருகிறோம், ஒரு கண்ணாடிப் பலகையில் கையைப் பதியுங்கள் என்கிறார்கள். கோபுரத்தில் எல்லாம் இருக்கிறது. ஜன்னல் மட்டும் கடலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது.

"இவங்களும் நம்ம மாதிரி தண்ணில இறங்கிப் பொழைக்கறவங்கதான்" என்றார் அத்தை மைக்கில். கூட்டம் அசையவில்லை. முதலில் போட்ட கூச்சல் எல்லாம் அடங்கி, அலைச்சத்தமும் டெக்கின் உறுமலும் மட்டும் கேட்டன.

கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கைரேகை வாங்குகிற ஓர் ஆபீசர் வந்தார். வெள்ளிநிற உடை, கையில் பலகை. அவரைக் காட்டியதும் அத்தையின் குரல் கொஞ்சம் தடுமாறியது. பிறகு சொன்னார்: இந்த ஆபீசர் நல்ல மனுஷன். இவர் வீட்டில் பதினோரு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மேலே இருப்பவர்கள் சொல்வதைச் செய்கிறார். ஆனால் வீட்டுக்குப் போய் அழுகிறார்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஒருத்தி தொடங்கி இன்னொருத்தி தொட்டு, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. கோணி நிழலில் படம் நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் நான் படத்தைப் பார்க்கவே இல்லை. அத்தையின் குரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதுப் பெண் என்றதும் அது நான்தான் என்று முதுகு நிமிர்ந்துவிட்டது.

முடிவில் யாரும் கை பதிக்கவில்லை. ஆபீசர் வேலையை விட்டுவிட்டுக் கடலில் குதித்து நீந்திப் போய்விட்டதாக அத்தை சொன்னார். கப்பல் கிளம்பியது. கேசட் நின்றதும் டிவியில் நீலம் மட்டும் இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா செங்கல்பட்டிலிருந்து மொபெட்டில் வந்தார். டீ குடிக்க என்னையும் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். படம் எப்படி என்று கேட்டார். நான் பெருமையோடு எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உன்ன மாதிரியே ஒரு ஆபீசர் வந்தாருப்பா. எல்லார்கிட்டயும் கையெழுத்து கேட்டாரு. அவருக்கு என்ன மாதிரியே பொண்ணு. வூட்டுக்குப் போய் அழுதாரு."

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாரு சொன்னது?"

"அத்த. மைக்ல."

"ஜனங்க இன்னா பண்ணாங்க?"

"சிரிச்சாங்க."

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்பா அன்று குப்பத்துக்குப் போனார். ஒரு கையெழுத்துகூட விழவில்லை. திரும்பி வந்து அத்தையின் வீட்டு வாசலிலேயே, செருப்பைக் கழற்றாமல் நின்றார். எதிர்வீட்டுச் சிற்பக் கூடத்தில் உளிகள் நின்றுவிட்டன.

"ஊர் எதிர்ல என்ன பொம்மையாக்கிட்ட இல்ல, யக்கா?"

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்கவில்லை. "படத்துல வந்ததத்தான் சொன்னேன், தம்பி."

அப்பா என் துணிப்பையை எடுத்துக்கொண்டு என்னை மொபெட்டில் ஏற்றினார். விடுமுறையில் இன்னும் மூன்று வாரம் மிச்சம் இருந்தது. கல்பாக்கம் ரோடு பிரிகிற இடம் வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

யாரோ மேலே எழுதிப் போட்டார்கள். கையெழுத்து வாங்கப் போன அதிகாரியின் சொந்த அக்காவே மைக்கில் ஜனங்களைத் தூண்டிவிட்டார் என்று. அப்பாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பிறகு மாற்றல். நான்கு வருடம் விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். ஓட்டல்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். குப்பம் இருந்த இடத்தில் இருந்தது. அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்வது நின்றது. கல்யாணங்களில் பார்த்தால் "வாங்க" என்பார் அப்பா. சொந்த அக்காவை "வாங்க" என்று சொல்வதைக் கேட்டு அம்மா ஒருமுறை பந்தியிலிருந்து எழுந்து போய் அழுதார். அத்தை ஒரு விஞ்ஞானப் படத்துக்கும் செங்கல்பட்டுக்கு வரவில்லை. அவர் அந்தப் படத்தில் அரசியலை நுழைத்துவிட்டார் என்றுதான் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பேசினார்கள். நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். வருடங்கள் ஆக ஆக, அன்றைக்கு டீக்கடையில் வாய் திறந்தது யார் என்பது மட்டும் எனக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

பிறகு சுனாமி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஒவ்வொருவருக்கும் அன்று தாம் எங்கே நின்றோம் என்பது தெரியும். நான் கல்லூரி முடித்து வீட்டில் இருந்தேன். அப்பா மீண்டும் செங்கல்பட்டுக்கே வந்திருந்தார். நிவாரண வேலைக்கு அவரை அனுப்பினார்கள். அத்தையின் பள்ளிக்கூடத்தில்தான் முகாம். நானும் உடன் போனேன்.

குப்பத்தின் முதல் வரிசை வீடுகள் இல்லை. கோயில் சுவர் மட்டும் நின்றது. மீன்காரம்மாவின் கணவர், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், போய்விட்டார். அத்தையிடம் படித்த பிள்ளைகளில் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

அத்தை ஆறாம் வகுப்பு அறையில், குட்டை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நீளநோட்டில் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தார். பத்து வருடத்தில் முடி முழுக்க வெளுத்திருந்தது. அப்பா உள்ளே வந்ததைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ சொன்னத அன்னிக்கு கேட்டிருந்தா இவங்க உள்ள இருந்திருப்பாங்க, தம்பி. நான்தான் மைக்க பிடிச்சி கெடுத்தேன்."

அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தை நான் பார்த்தேன். அதே நினைப்பு அவருக்கும் வந்திருந்தது, அதை அவர் சொல்லாமல் விழுங்கினார் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அவர்மேல் பயம்தான் வந்தது.

சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா தலையைத் தூக்கினார். மூன்று நாளாக அவர் யாரிடமும் பேசவில்லை என்று பிறகு சொன்னார்கள். குரல் கரகரத்தது.

"இன்னா டீச்சரம்மா பேசற. படத்தப் பாத்துட்டா நாங்க கையெழுத்து போடாம இருந்தோம்? நீ படம் போடறதுக்கு முன்னாடி மாசமே கோயில்ல குந்தி பேசி முடிச்சாச்சு. கடல விட்டு அம்மாந்தூரம் போனா மீன் வந்துகீதா இல்லையான்னு எப்டி பாக்கறது? படம்னு பசங்க கூப்டுச்சு, வந்து பாத்தோம். அவ்ளோதான்."

மீன்காரம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் படத்துல ஒரு ஆபீசர் வருவான் சார். பொம்பள காலு மேல பூட்ஸ வச்சி சிரிச்சிகினு கீறான். இந்தம்மா மைக்ல, அவன் நல்லவன், அழுவறான்னு சொல்லுது. எங்களுக்குக் கண்ணு இல்ல? தம்பிக்காக மாத்தி சொல்லுதுன்னு தெரிஞ்சிதான் சிரிச்சோம். எங்க வூட்டுக்காரு வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. கூடப்பொறந்தா இப்டி பொறக்கணும்னாரு."

கணவரின் பேச்சு வந்ததும் அவர் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார்.

அப்பா மெதுவாக அத்தைக்கு எதிரே, அந்தக் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது.

"மாத்தியா சொன்ன?"

"ரொம்ப மோசமான ஆள் அவன். கடைசில எல்லாரும் சேர்ந்து கடல்ல தள்ளிடுவாங்க." அத்தை என்னைப் பார்த்தார். "இவ எதிர்ல உக்காந்துனு இருந்தா. கையெழுத்து வாங்கற ஆபீசர்னா இவளுக்கு யாரு நெனப்பு வரும்?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"என்னன்னு சொல்றது? வில்லனப் பாத்ததும் உன் நெனப்பு வந்துச்சு, அதான் மாத்தினேன்னா?"

அப்பா முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டார். நீளநோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்தார். "பேரச் சொல்லுக்கா" என்றார். வீடு வீடாக அத்தை சொல்லிக்கொண்டே போனார். யாருடைய பேருக்குப் பக்கத்தில் என்ன எழுத வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் இருவரும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் நான் அத்தையிடம் போய், அன்று அப்பாவிடம் சொன்னது நான்தான் என்றேன். அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த பெயரைச் சொன்னார்.

சில மாதம் கழித்துப் புதுப் படிவம் ஒன்று வந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு, பதிலுக்குக் கடற்கரை இடத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வேலை மறுபடி அப்பாவின் கைக்கே வந்தது. இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. குப்பத்தைக் கூட்டிவைத்து, கீழே பொடி எழுத்தில் இருந்ததையும் சேர்த்து, வரி வரியாகப் படித்துக் காட்டினார். சந்தேகம் கேட்டவர்களுக்கு இரண்டாம் முறை படித்தார். சிலர் போட்டார்கள். சிலர் மாட்டோம் என்றார்கள். மீன்காரம்மா மகனின் இடத்தை எழுதிக் கொடுத்து அவனுக்கு உள்ளே ஒரு வீடு வாங்கிக்கொண்டார், தன் இடத்துக்கு மட்டும் கைநாட்டு வைக்கவில்லை. அது ஏன் என்றும் அப்பா கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடியே அறிக்கையாக எழுதி அனுப்பினார். ஜனங்களிடம் தேவைக்கு அதிகமாகப் படித்துக் காட்டியது ஏன் என்று மேலிருந்து மெமோ வந்தது. இரண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷில்.

ஓய்வுபெற அவருக்கு அதிக நாள் இல்லை. பென்ஷனில் கை வைத்துவிடுவார்களோ என்று அம்மா பயந்தார். அப்பா மெமோவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் அதைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்றாவது வரியில் ஒரு வினைச்சொல்லைச் சுழித்தார். நான்காவது வரியில் ஒரு கேள்விக்குறி போட்டார். பக்கத்தைத் திருப்பினார். கடைசியில், மேலதிகாரியின் கையெழுத்துக்கு நேர் கீழே, நூற்றுக்கு முப்பத்தைந்து என்று எழுதிக் கோடு கிழித்தார்.

"பாஸ்தான், தம்பி. பாவம்னு ஒரு மார்க்கு சேத்துப் போட்டிருக்கேன்."

அப்பா தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு இருவரும் பதில் எழுத உட்கார்ந்தார்கள். அது எட்டுப் பக்கம் வந்தது.